விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீர்கள்

"நேத்து வர முடியல சார், இன்னைக்கு டபுளா நடந்துடறேன்." காலை நடைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. 12 வருடத்துக்கு முன் நான் பேசிய அதே வசனம், என் காலைப் பதம் பார்த்த வசனம். சின்னதாகத் தொடங்குங்கள், சீக்கிரம் தூங்குங்கள் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்கே அலுத்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதுப் பழக்கம் ஒன்றைப் பிடிக்க நினைப்பவர்கள் கைவிட வேண்டியவை கீழே.

'நேரம் கிடைக்கும்போது செய்வேன்'

கிடைக்காது. "தினமும் நடப்பேன்" என்பது வெறும் ஆசை. "பல் தேய்த்ததும் ஷூ போடுவேன்" என்பதுதான் ஏற்பாடு. 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், மனதில் நினைத்ததோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே காட்டியிருக்கிறார். அந்த முடிச்சையும் கடிகாரத்தில் போடாதீர்கள். ஆறு மணி என்று வைத்தால், 6.10 ஆனதும் 'சரி, நாளைக்குப் பார்க்கலாம்' என்று தோன்றும். பல் தேய்ப்பது எத்தனை மணிக்கு நடந்தாலும் நடந்தே தீரும்.

விட்டதை ஈடுகட்டுவது

12 வருடத்துக்கு முன் நான் தினம் அரை மணி நேரம் நடப்பேன். நடந்த நாளுக்குக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. வரிசையாக 37 குறிகள் விழுந்திருந்தன. பிறகு வெளியூர் வேலை, மூன்று நாள் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி மூன்று வெற்றுக் கட்டங்கள். பொறுக்கவில்லை. நாலாம் நாள் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, மூன்று கட்டங்களிலும் குறி போட்டேன். கணக்கு நேராகிவிட்டதாம்!

மறுநாள் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பை ஒட்டி வலி. படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினேன். பத்து நாள் ஓய்வு. அதற்குள் கடன் ஐந்து மணி நேரமாக ஏறியிருந்தது. யாரால் அடைக்க முடியும்? ஏழு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வலி எப்போதோ போய்விட்டது, கடன்தான் போகவில்லை.

எங்கே தப்பு? பழக்கத்தை நான் நிமிடக் கணக்காக நினைத்தேன். ஒரே சூழலில் ஒரே செயல் திரும்பத் திரும்ப நடக்கும்போது, சூழலே அந்தச் செயலை இழுத்து வர ஆரம்பிக்கிறது. அதைத்தான் பழக்கம் என்கிறோம். எண்ண வேண்டியது தடவைகளை. இரண்டு மணி நேரம் நடந்தாலும் அது ஒரு தடவைதான். போதாக்குறைக்கு, அடுத்த நாள் ஷூ நாடாவைக் கட்டக் குனியும்போதே முந்தின நாள் அலுப்பு ஞாபகம் வரும்.

யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடுவதில்லை என்பது அதில் தெரிந்தது. யாரும் விதிக்காத அபராதத்தை நானே எனக்கு விதித்துக்கொண்டிருக்கிறேன்.

விட்ட மறுநாள் வழக்கமான அளவு போதும். முடியாவிட்டால் அதிலும் பாதி. தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் அது ஒரு தடவை. எனக்கு எரிச்சல் எதில் என்றால், இரண்டு மடங்கு செய்பவரைப் பார்த்து 'என்ன ஒரு விடாமுயற்சி!' என்று நாலு பேர் கைதட்டுவதில்தான்.

21 நாள் கணக்கு

1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் 'குறைந்தது' 21 நாள் ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' காற்றோடு போயிற்று, 'எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும்' என்பது மட்டும் நின்றது. மேலே சொன்ன லண்டன் ஆய்வில் பழக்கம் படிய ஆன நாட்களின் நடு அளவு 66. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். உடற்பயிற்சி தண்ணீர் குடிப்பதைவிட மெதுவாகத்தான் படியும். 22ஆம் நாள் எழுந்திருக்கக் கசந்தால் உங்களிடம் கோளாறு என்று அர்த்தமில்லை.

புது ஷூ வந்ததும் தொடங்குவது

இருப்பது தேயட்டும்.

மனதோடு மல்லுக்கட்டுவது

தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு 'தொடமாட்டேன்' என்று சபதம் போடுவது வீண் வேலை. நானும் போட்டுப் பார்த்தவன்தான். கடைசியில் சார்ஜரைக் கழற்றி, ஹாலில் ஷூ அலமாரிக்கு மேலே இருக்கும் பிளக்கில் மாட்டினேன். அலாரத்தை அணைக்க அங்கே வரை நடந்தே ஆக வேண்டும். அதற்குள் தூக்கம் பாதி கலைந்துவிடும். அணைத்த கையோடு பக்கத்துச் சோபாவில் சாய்ந்து தூங்கிய நாட்களும் உண்டு. சோபாவை எங்கே நகர்த்துவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.