அமெரிக்க மரைன் படை கடல் தாண்டிய வரலாற்றை எப்படிப் படிப்பது

உலக வரலாறு வாசிக்கிற எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் கப்பலில் போய்க் கரையில் இறங்கிச் சண்டை பிடிக்கிற அமெரிக்க மரைன் படையின் பகுதிக்கு வந்ததும் 1898 கியூபா, 1912 நிக்கரகுவா, 1915 ஹெயிட்டி என்று ஆண்டுகளை வரிசையாகப் பாடமாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள், சோதனை முடிந்ததோடு எல்லாம் போய்விடும். கரையைப் பிடித்துப் படியுங்கள். கோட்டையையும் ஊர்காவற்றுறையையும் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடலால் வந்து இறங்கின படை எதைத் தேடி வரும் என்று ஆரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள்: எங்கே இறங்கினார்கள், ஏன் இறங்கினார்கள், ஏன் உடனே திரும்பிப் போகவில்லை. மூன்றாவதுக்குக் கூடுதல் இடம் விடுங்கள், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதல் வரியாகக் கியூபாவின் குவாந்தனாமோ குடாவை எழுதுங்கள். அப்போது கியூபா ஸ்பெயினின் கையில் இருந்தது, அமெரிக்கா ஸ்பெயினோடு போரில் நின்றது. 1898 ஜூனில் சந்தியாகோ துறைமுகத்தை மறித்து நின்ற அமெரிக்கக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்ற அலை அடங்கின ஒரு குடா வேண்டியிருந்தது, அதற்காகத்தான் ஜூன் 10ஆம் திகதி லெப்டினன்ட் கேணல் ஹன்டிங்டனின் பட்டாலியன், ஏறத்தாழ 650 பேர், அங்கே இறங்கியது. நாலு நாள் கழித்துக் குஸ்கோ கிணற்றடியில் சண்டை. அந்தப் பக்கத்தில் ஸ்பானியப் படைக்கு நல்ல தண்ணீர் தந்த கிணறு அது. அதை இழந்தால் அவர்களால் அங்கே நிற்க முடியாது. தீவுப்பகுதியில் நன்னீர்க் கிணறு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் காரணத்தை விளக்கத் தேவையில்லை. சண்டை நடுவில் டொல்பின் என்ற கப்பலின் குண்டுகள் தங்கள் ஆட்களுக்குப் பக்கத்திலேயே விழ, சார்ஜன்ட் ஜோன் குவிக் எழும்பி நின்று, எதிரிக்கு முதுகைக் காட்டியபடி, கொடியசைத்துக் கப்பலுக்குச் சைகை கொடுத்தார். கப்பலும் கரையும் ஒன்றோடொன்று கதைக்காவிட்டால் தரையிறக்கம் என்ன ஆகும் என்பதை இந்த ஒரு காட்சியில் பிடித்துவிடலாம். 1903இல் அந்தக் குடா குத்தகைக்கு எடுக்கப்பட்டது, தளம் இன்றைக்கும் இருக்கிறது.

அப்புறம் 1900. சீனத் தலைநகர் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) வெளிநாட்டுத் தூதரகங்கள் 55 நாள் முற்றுகையில் இருந்தபோது காவலில் நின்றவர்களில் மரைன்களும் இருந்தார்கள். இதை ஒரு வரியில் எழுதினால் போதும். ஆனால் 1908ஐ விட்டுவிடாதீர்கள்: ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் மரைன்களைப் போர்க்கப்பல்களிலிருந்து இறக்கச் சொன்னார், அடுத்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவர்களைத் திருப்பி ஏற்றியது. கப்பல் காவலா, தளம் பிடிக்கும் படையா என்ற இழுபறி அது. 1914 ஜனவரியில் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் பக்கத்துக் குலெப்ரா தீவில் நடந்த பயிற்சியில் தளம் பிடித்துக் காக்கிற வேலையைத்தான் ஒத்திகை பார்த்தார்கள்.

சரி, இனி ஹெயிட்டி. இங்கே அவசரப்படாதீர்கள். 1914 டிசம்பரில் மரைன்கள் தேசிய வங்கியிலிருந்து ஐந்து லட்சம் டொலர் பெறுமதியான தங்கத்தைக் கப்பலில் ஏற்றி நியூயோர்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1915 ஜூலையில் படை இறங்கியது, சுங்கம் அமெரிக்கர் கைக்குப் போனது, உள்ளூர் ஆட்களைக் கொண்டே ஒரு ஜெந்தார்மரி, அதாவது இராணுவப் பாணிக் காவற்படை, உருவானது, ரோட்டுப் போடச் சனத்தைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். அதை எதிர்த்து எழும்பின சார்லமாய்ன் பெரால்ட்டை 1919இல் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படமெடுத்துப் பரப்பினார்கள். பயமுறுத்த எடுத்த படத்தைச் சனம் சிலுவையில் அறைந்த இயேசுவாகப் பார்த்தது. படை வெளியேறினது 1934இல்.

படையின் பக்கத்து எழுத்தை மட்டும் வாசித்தால் பெரால்ட் ஒரு கொள்ளைக்காரன். ஹெயிட்டிக்காரர் எழுதினதை வாசித்தால் அவர் தேசிய வீரர். இரண்டையும் வாசித்துவிட்டு மூன்றாவது நிரலை நிரப்புங்கள், அதுவரைக்கும் பென்சிலால் எழுதுங்கள். நிக்கரகுவாவுக்கும் இதே முறைதான்: 1933இல் மரைன்கள் போனார்கள், அவர்கள் பயிற்றிவிட்ட தேசியக் காவற்படையின் தலைவர் சொமோசா 1937இல் ஜனாதிபதியானார்.