ஆசிட் பேரு வரணும்னா உப்போட வாலைப் பாருங்க

டென்த், லெவன்த் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரில பேரு வைக்கிறது தான் பெரிய தலவலி, ஆனா வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பாத்து வளந்த பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லைன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

கடல்தண்ணி பாத்தியில வெயில்ல வத்தும்போது எல்லாம் ஒண்ணா படியாது. மொதல்ல கால்சியம் கார்பனேட்டு, அடுத்து ஜிப்சம், அதாவது தண்ணி சேந்த கால்சியம் சல்பேட்டு, அப்புறம் தான் நம்ம சோடியம் குளோரைடு, உப்பு வாரின பிறகு மிஞ்சுற கசப்புத் தண்ணில மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் கெடக்கும். இதை நோட்டுல எழுதிப் பாருங்க, உலோகம் பேரு மாறாம முன்னாடி நிக்கும், பின்னாடி வர்றது தான் வாலை, அதாவது பேரோட கடைசிய மாத்தும். ஒரே தனிமம்னா "ஐடு", குளோரின் குளோரைடு ஆகுற மாதிரி. மெக்னீசியம் குளோரைடுல குளோரின் 2 இருந்தாலும் டைகுளோரைடுன்னு எழுதாதீங்க, டை ட்ரை எல்லாம் கார்பன் டைஆக்சைடு மாதிரி அலோகமும் அலோகமும் சேரும்போது தான்.

இரும்புக்கு சார்ஜ் பிளஸ் 2, பிளஸ் 3 ரெண்டும் வரும், அதனால நம்பர் சொல்லியே ஆகணும். 1914ல திறந்த பழைய பாம்பன் பாலம் மாதிரி உப்புக்காத்து படுற இரும்புல ஏறுற துரு, தண்ணி சேந்த அயர்ன் த்ரீ ஆக்சைடு. அந்த த்ரீய ரோமன் எண்ணுல போடணும், அது இரும்போட சார்ஜ், அணு எத்தனைங்கிற கணக்கு கெடையாது.

ஆக்சிஜனும் சேந்து வந்தா "ஏட்டு", அதுல ஒரு ஆக்சிஜன் கொறஞ்சா "ஐட்டு". சல்பேட்டுல ஆக்சிஜன் 4, சல்பைட்டுல 3, சல்பைடுல ஒண்ணுமே இல்ல. தமிழ் மீடியம் பிள்ளைங்க ஐடுக்கும் ஐட்டுக்கும் நடுவுல தான் மார்க்க விடுறாங்க, பேப்பர் திருத்துறவங்களுக்கு புரியுற மாதிரி அழுத்தி எழுதுங்கப்பா.

இப்ப ஆசிட். உலோகம் இருந்த எடத்துல ஹைட்ரஜனை வச்சு தண்ணில கரைச்சதா நெனச்சுக்கங்க, பேரு வைக்க அது போதும். வால் ஐடுன்னா முன்னாடி ஹைட்ரோ பின்னாடி இக், குளோரைடு ஹைட்ரோகுளோரிக் ஆகும் (தண்ணில கரையாம கேஸா இருந்தா அது வெறும் ஹைட்ரஜன் குளோரைடு தான்). ஏட்டுன்னா வெறும் இக், நைட்ரேட்டு நைட்ரிக், சல்பேட்டு சல்பியூரிக். ஐட்டுன்னா அஸ், நைட்ரைட்டு நைட்ரஸ். ஹைட்ரஜன் இருக்கிறதால தான் ஹைட்ரோன்னு நெனச்சு ஹைட்ரோநைட்ரிக்னு எழுதுற பிள்ளைங்க நெறைய, இந்த ஆசிட் எல்லாத்துலயும் தான் ஹைட்ரஜன் இருக்கு, ஹைட்ரோன்னு வந்தா உள்ள ஆக்சிஜன் இல்லைன்னு அர்த்தம்.

ஆசிட் பேருல இருந்து உப்பு பேருக்குத் திரும்பியும் போகத் தெரியணும். கரையில கெடக்குற சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட்டு, ஸ்கூல் லேப்ல டீச்சர் முன்னாடி அதுமேல டைலூட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா கார்பன் டைஆக்சைடு நுரைச்சுப் போயிரும், கரைசல்ல இருக்கிறது கால்சியம் குளோரைடு, அதே நைட்ரிக்னா கால்சியம் நைட்ரேட்டு. பவளத்தை மட்டும் தொடாதீங்க, அதை எடுக்கிறது சட்டப்படி குத்தம்.

கடைசியா ஒண்ணு போட்டுப் பாருங்க: ஹைப்போகுளோரைட்டு, குளோரைட்டு, குளோரேட்டு, பெர்குளோரேட்டு, ஆக்சிஜன் வரிசையா 1, 2, 3, 4. மொதலாவது ஹைப்போகுளோரஸ் ஆசிட், கடைசி பெர்குளோரிக் ஆசிட், நடுவுல உள்ள ரெண்டையும் புக்கை மூடிட்டு நீங்களே எழுதுங்க.