லோக்கல் ரயிலில் மரத்துப்போன கை

மும்பை செம்பூரிலிருந்து தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில்தான் வேலைக்குப் போவேன். மேலே தொங்கும் பிடியைப் பிடித்து ரெண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். கழுத்துத் தேய்மானம் என்றார் ஒரு டாக்டர். கழுத்துக் காலரும் மாத்திரையுமாக ஒரு வருஷம் போனது. (பக்கத்து வீட்டு மாமி கொடுத்த தைலம் தனிக் கணக்கு.)

பழைய எக்ஸ்ரேயைப் பார்த்த இன்னொருவர்தான் பிடித்தார்: கழுத்தின் அடியில் கூடுதலாக ஒரு விலா எலும்பு. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்குமாம்; பலருக்குத் தொந்தரவே தராதாம். எனக்கோ கைக்குப் போகும் நரம்பை நெருக்கியது. இதற்குத்தான் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று பெயராம்.

நான்கு மாதம் பிசியோதெரபி செய்தும் பலனில்லை. கட்டைவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கியதும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். காறையெலும்புக்கு மேலே கீறி, கூடுதல் விலாவையும் முதல் விலாவையும் எடுத்து, கழுத்துப் பக்கவாட்டில் இருக்கும் ஸ்கேலீன் தசையையும் வெட்டிவிட்டார்கள்.

கண் விழித்ததும் கை பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தது என் தப்பு. வலி சில வாரத்தில் குறைந்தது. மரப்பு போக ஆறேழு மாதம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதானே வளரும்! "வலி போகும், வற்றிய சதை வருவது சந்தேகம்" என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. ஒரு வருஷம் முன்பே சர்ஜனிடம் போயிருக்கலாம்.

சட்டைப் பித்தானுக்கு இன்னும் இடது கைதான். ரயிலில் மேல்பிடியைத் தொடுவதில்லை. இடுப்பு உயரக் கம்பி கிடைத்தால் போதும்.