பக்கம் சேர்ப்பது திருத்தம் ஆகாது

கோலாலம்பூர்க் கல்லூரிகளில் விரிவுரைக் குறிப்புகள் பெரும்பாலும் கைமாறி வருபவை. முன்பு கற்பித்தவர் விட்டுச்சென்ற கோப்பைத் திறந்து, அட்டையில் ஆண்டை மாற்றி, அண்மையில் படித்த ஒன்றிரண்டைச் சேர்த்துவிட்டு, திருத்தியாயிற்று என்று ஒப்படைக்கும் பழக்கத்திலிருந்தே மற்றத் தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் எம்.கியூ.ஏ., ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்று வகுத்திருக்கிறது. அதன்படி மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். விரிவுரை, டுடோரியல், இடுபணி, தனியே படிப்பது, தேர்வு எல்லாம் இதற்குள் அடக்கம். 14 வாரத் தவணையில் வாரத்துக்கு ஏறத்தாழ எட்டரை மணி நேரமே கிடைக்கும். பத்துப் பக்கம் புதிதாக ஏறும்போது எந்தப் பத்துப் பக்கத்தை இறக்குவது என்று கேட்காத விரிவுரையாளர், அந்த நேரத்தை மாணவரின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

மாறிய செய்தியை ஓரிடத்தில் மட்டும் மாற்றுவது இதைவிட மோசமான தவறு. கணக்கியல் பாடத்தையே பாருங்கள். 2015 ஏப்ரல் 1ஆம் நாள் 6 விழுக்காட்டில் அறிமுகமான ஜி.எஸ்.டி. என்னும் பொருள், சேவை வரி 2018 ஜூன் 1இல் பூச்சியமாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் விற்பனை, சேவை வரிக்கு வழிவிட்டது. சேவை வரியும் 2024 மார்ச் முதல் பெரும்பாலான சேவைகளுக்கு 8 விழுக்காடாயிற்று. வரி பற்றிய அத்தியாயத்தைக் கவனமாகத் திருத்துபவர்கூட, வேறோர் அத்தியாயத்தின் விலைப்பட்டியல் பயிற்சியிலும் அதன் விடைக்குறிப்பிலும் வினா வங்கியிலும் ஒளிந்திருக்கும் பழைய வரியை விட்டுவிடுகிறார். மனிதவள நிர்வாகப் பாடத்திலும் இதே கதைதான்: 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேர உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 ஆகவும், பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆகவும் மாறின. மாறக்கூடிய எண்களை ஒரே அட்டவணையில் வைத்து, நடப்புக்கு வந்த நாளையும் அவை வரும் பக்கங்களையும் எதிரே குறித்துவைத்தால் தேடும் வேலை மிச்சமாகும்.

கற்றல் இலக்கில் ‘மதிப்பிடுவர்’ என்று எழுதிவிட்டுத் தேர்வில் ‘வரையறுக்க’ என்று கேட்பதும் பரவலாக உண்டு; இலக்கு சீர்தூக்கும் திறனைச் சொல்ல, வினாவோ மனப்பாடத்தையே சோதிக்கிறது. எதைத் திருத்துவது என்பதைச் சென்ற தவணை விடைத்தாள்களே காட்டிக்கொடுக்கும். பாதிப் பேர் தடுமாறிய வினாவிலிருந்து தொடங்கலாம்.

ஐந்தாம் படிவம் (இடைநிலைப் பள்ளியின் இறுதி ஆண்டு) வரை மலாயில் படித்த மாணவருக்கு ஆங்கிலக் கலைச்சொல் திடீரென்று எதிர்ப்படுகிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். அத்தியாயத் தொடக்கத்தில் பத்துச் சொற்களுக்கு மலாய் இணையைத் தந்தாலே போதும். அரைப் பக்கம்கூட ஆகாது.

திருத்திய நாளைப் பக்கந்தோறும் அடியில் இட வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து போட்டோஸ்டேட் கடையில் நகலெடுத்த மூத்த மாணவரின் பிரதி எப்படியும் வகுப்புக்குள் வந்துவிடும். தேர்வுக்கு எந்தப் பிரதி செல்லுபடியாகும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.