பழைய ஸ்டான்லி இழைப்புளி: வயதை எங்கே பார்ப்பது?

பழைய இரும்பு இழைப்புளி கைக்கு வந்ததும் பலரும் பிளேடில் இருக்கும் முத்திரையைப் பார்த்து வயது சொல்லிவிடுகிறார்கள். பிளேடு தீட்டித் தீட்டித் தேய்ந்து, எத்தனையோ முறை மாற்றப்படுவது. அதை நம்பாமல் உடலையும், பிளேடைத் தாங்கும் முட்டான ஃப்ராக்கையும் பாருங்கள். அமெரிக்காவின் நியூ பிரிட்டனில் தயாரான, ஸ்டான்லி நிறுவனத்தின் பெய்லி வகை இழைப்புளிதான் அதிகம் கண்ணில் படும், அதையே எடுத்துக்கொள்வோம்.

1. எண். பெரும்பாலும் உடலின் முன்பக்கத்தில், குமிழுக்கு அருகே வார்த்திருப்பார்கள். நம்பர் 4 சுமார் 9 அங்குல நீளம், பிளேடு 2 அங்குலம். நம்பர் 5 சுமார் 14 அங்குலம், நம்பர் 7 சுமார் 22.

2. லீவர் கேப். பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடி இது. மேலே உள்ள சின்ன நெம்பை உயர்த்தினால் இது கழன்று வந்துவிடும். நடுவில் உள்ள துளை சாவித்துவாரம் போல இருந்தால் பழையது; சிறுநீரக வடிவத் துளை 1933 வாக்கில் வந்தது. அடியில் பிளேடும், அதன்மேல் பொருந்தும் தகடான சிப் பிரேக்கரும் ஒரே திருகில் சேர்ந்திருக்கும்.

3. ஃப்ராக். பிளேடு 45 டிகிரி சாய்ந்து படுக்கும் முட்டு இது. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. இதன் பின்னால் உள்ள பித்தளை நட்டு பிளேடை ஏற்றி இறக்கும். அதன் மரை இடப்பக்க மரை. கழற்றும்போது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள், பலம் கொடுத்து முறுக்க வேண்டாம். மேலே, பிளேடைப் பக்கவாட்டில் சரிசெய்யும் லீவர் 1885 வாக்கில் சேர்க்கப்பட்டது. ஃப்ராக்கை முன்பின் நகர்த்தும் சின்னத் திருகு பின்னால் இருந்தால் 1907 அல்லது அதற்குப் பிந்தையது.

ஃப்ராக்குக்குப் பின்னால் உடலில் காப்புரிமைத் தேதிகள் இருக்கின்றனவா என்று துடைத்துப் பாருங்கள். 1902ஆம் ஆண்டின் இரண்டு தேதிகளோடு 1910 ஏப்ரல் 19-உம் சேர்ந்து மூன்று இருந்தால், உடல் 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும். தேதிகள் காப்புரிமைக்கு உரியவை, இழைப்புளி செய்த நாளுக்கு அல்ல.

4. கைப்பிடிகள். குட்டையான முன்குமிழ் பழையது. உயரமானது 1919-20 வாக்கில் வந்தது. பழையவற்றில் மரம் ரோஸ்வுட். இரண்டாம் உலகப் போரின்போது பித்தளை கிடைக்காமல் சிலவற்றில் பிளேடை ஏற்றி இறக்கும் நட்டைக்கூட கடின ரப்பரில் செய்தார்கள்.

5. கடைசியாக பிளேடு. இதய வடிவத்துக்குள் எஸ், டபிள்யூ எழுத்துகள் இருந்தால் அது 1920-க்குப் பிந்தைய, முப்பதுகளின் நடுப்பகுதி வரையிலான முத்திரை. மூன்று தேதி உடலில் இந்த பிளேடு இருந்தால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவருக்கு அது குறை. இழைக்கப்போகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இரண்டாம் வகை என்றால், தேதியைவிட அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். பிளேடு வெளியே வரும் பிளவான வாயின் ஓரத்திலோ பக்கச் சுவரிலோ விரிசல் ஓடினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.