மூன்று பலகை சேர்த்த பீமுக்கு 1.15 எப்போது கிடைக்கும்?

அமெரிக்க மரவீடுகளுக்கு டிசைன் செய்யப் பழகுபவர்கள் கணக்கில் 1.15 என்ற எண்ணைத் தாராளமாகப் பெருக்கிவிடுவார்கள். அதுதான் ரிப்பீட்டிவ் மெம்பர் ஃபேக்டர்: பல பலகைகள் சேர்ந்து லோடைத் தாங்கும்போது அனுமதிக்கும் வளைவு வலிமையை உயர்த்தும் பெருக்கு எண். அமெரிக்கன் வுட் கவுன்சிலின் என்டிஎஸ் விதிநூல் அதைச் சில நிபந்தனைகளோடுதான் தருகிறது.

முதலில் காரணம். மரத்தின் வளைவு வலிமைக்கு அட்டவணையில் இருக்கும் எண் சராசரி அல்ல. கையில் பலவீனமான பலகை வந்தாலும் தாங்க வேண்டும் என்று கீழ்மட்டத்திலிருந்து எடுத்தது. மூன்று பலகைகள் ஒன்றாக வளையும்போது விறைப்பானது அதிக லோடை எடுத்துக்கொள்ளும். விறைப்பான பலகை பெரும்பாலும் வலுவானதாகவும் இருக்கும். மூன்றிலும் ஒரே இடத்தில் பெரிய கணு வருவது அரிது. இந்தப் பங்கீட்டுக்குத்தான் 15 சதவீதம்.

படி 1: தகுதி பாருங்கள். 2 முதல் 4 அங்குலக் கனமுள்ள டைமென்ஷன் லம்பர் ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று பலகைகள். ஒன்றையொன்று தொட்டிருக்கலாம், அல்லது மையத்துக்கு மையம் 24 அங்குலத்துக்குள் இருக்கலாம். லோடைப் பகிர்ந்துகொடுக்க இணைப்பு வேண்டும்: தரைப்பலகை, ஷீத்திங் (மேலே மூடி அடிக்கும் பலகைத் தகடு), அல்லது ஊடுருவ அடித்த ஆணி. இரண்டு பலகை பீமுக்கு ஃபேக்டர் இல்லை. இதில் பேரம் கிடையாது. எல்விஎல் (மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த பலகை) என்றால் 1.04 மட்டும். குளுலாமுக்கு (பலகைகளை அடுக்கி ஒட்டிய பீம்) கிடையாது.

படி 2: வளைவைச் சரிபாருங்கள். டக்ளஸ் ஃபர்-லார்ச் மரம், இரண்டாம் தரம், 2×10 பலகை (உண்மை அளவு 1.5 × 9.25 அங்குலம்) மூன்று, ஸ்பான் 10 அடி, அடிக்கு 450 பவுண்டு (பீமின் சொந்த எடையும் சேர்த்து) என்று வைத்துக்கொள்வோம். மேல்விளிம்பைத் தரை பிடித்திருக்கிறது, சாதாரணத் தரை லோடு.

மொமென்ட்: 450 × 10² ÷ 8 = 5,625 அடி-பவுண்டு, அதாவது 67,500 அங்குல-பவுண்டு.
செக்‌ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டின் வளைவு எதிர்ப்பு அளவு): 3 × 21.39 = 64.17 கன அங்குலம்.
வரும் ஸ்ட்ரெஸ்: 67,500 ÷ 64.17 = 1,052 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு).

அனுமதி: அட்டவணை மதிப்பு 900 × 1.1 = 990 பிஎஸ்ஐ. இங்கேயே நின்றால் பீம் ஃபெயில். 1.15 சேர்த்தால் 1,138, பாஸ்.

அந்த 1.1 சைஸ் ஃபேக்டர், பலகையின் அளவுக்கேற்ற திருத்தம். சேர்த்த பிறகு அகலம் நாலரை அங்குலம் ஆகிறதே என்று 4 அங்குலக் கனத்துக்கான 1.2ஐ எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு பலகையும் 2 அங்குலச் சரக்குதான். அதன் வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

படி 3: மற்றதில் 1.15 வேண்டாம். ஷியர் (வெட்டு அழுத்தம்) 81 பிஎஸ்ஐ, அனுமதி 180. டிஃப்லெக்ஷன் (பீம் தொய்வு) சுமார் 0.21 அங்குலம், ஸ்பானை 360ஆல் வகுத்த வரம்பு 0.33. மூன்று பலகையின் மொத்த விறைப்பு கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. தவிர எலாஸ்டிக் மாடுலஸ் (மரத்தின் விறைப்பு எண்) அட்டவணையிலேயே சராசரி மதிப்பு, அதை மறுபடி உயர்த்த இடமில்லை. பேரிங்குக்கும் (பீம் தாங்கியில் உட்காரும் இடத்து அழுத்தம்) 1.15 கிடையாது.

படி 4: ஆணி. காகிதத்தில் பாஸான பீம் பல நேரம் தளத்தில் தோற்பது இங்கேதான். லோடு மேலிருந்து மூன்று பலகை மீதும் சமமாக இறங்கினால் பில்டிங் கோடு ஐபிசி தரும் சாதாரண ஆணியடிப்பு போதும்: 20டி காமன் (“டி” ஆணி அளவைக் குறிக்கும்), மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் தனித்தனியே 32 அங்குலத்துக்கு ஒன்று, மாற்றி மாற்றி, முனைகளிலும் ஒட்டுகளிலும் இரண்டிரண்டு.

ஆனால் ஜாயிஸ்ட்கள் (தரையைத் தாங்கும் குறுக்குப் பலகைகள்) ஒரு பக்கத்து ஹேங்கரில் (உலோகத் தொங்கலில்) மட்டும் தொங்கினால் கதையே வேறு. மொத்த 450ம் வெளிப்பலகையில் விழுகிறது. அதில் 300 பவுண்டு முதல் இடைமுகத்தையும் (இரண்டு பலகைகள் தொடும் இடம்) 150 பவுண்டு இரண்டாவதையும் ஆணி வழியாகத்தான் கடக்க வேண்டும். மேலே சொன்ன 20டி அடிப்பு அடிக்கு முக்கால் ஆணி. ஒன்றுக்கு 170 பவுண்டு என்றால் 127தான் தேறும். 10டி காமன் (3 அங்குல நீளம், 0.148 தடிமன்) ஒன்று 118 பவுண்டு தாங்கும். அடிக்கு மூன்று, அதாவது இரண்டு வரிசையில் 8 அங்குலத்துக்கு ஒன்று அடித்தால் 354, சரி. இரண்டாவது இடைமுகத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து 16 அங்குல இடைவெளி போதும், முதல் பக்கத்து ஆணிகளோடு முட்டாமல் தள்ளி.

துப்பாக்கி ஆணி கவனம். தளத்தில் வழக்கமாக இருப்பது 0.131 தடிமன், ஒன்றுக்கு 97 பவுண்டு. மூன்று சேர்ந்தாலும் 291தான், 300க்குப் போதாது. எனவே வரைபடத்தில் “10டி” என்று மட்டும் எழுதாமல் நீளத்தையும் தடிமனையும் போடுங்கள்.

படி 5: பலகை ஒட்டு, ஸ்பான் அட்டவணை. பலகை முனைகள் தூணின் மேல் சந்திக்கட்டும். நடு ஸ்பானில் ஒன்றை வெட்டி ஒட்டினால் அந்த இடத்தில் இரண்டு பலகைதான் வேலை செய்கிறது, 1.15ம் போய்விடும். எல்விஎல் கம்பெனி அட்டவணை, ஜாயிஸ்ட் ஸ்பான் அட்டவணை எதைப் பயன்படுத்தினாலும் அடிக்குறிப்பைப் படியுங்கள். ஃபேக்டரை அதிலேயே சேர்த்திருந்தால் இன்னொரு முறை பெருக்கக் கூடாது.