ஒரே பெயரில் இரண்டு பாட்டு, எப்படி ஒப்பிடுவது?

முதலில் எழுதியவர் பெயரைப் பாருங்கள், இரண்டும் தனித்தனிப் பாட்டுதானா என்று தெரிந்துவிடும். 'தி பவர் ஆஃப் லவ்' என்று 1984-இல் ஜெனிஃபர் ரஷ் பாடியதைத்தான் 1993-இல் செலின் டியான் மறுபடி பாடினார். ஆனால் 1985-இல் ஹூயி லூயிஸ் குழு பாடிய அதே பெயர்ப் பாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, அப்புறம் தலைப்புச் சொல் எங்கே வந்து விழுகிறது என்று கேளுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. அடெலின் 'ஹலோ' (2015) அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது, பல வருடம் கழித்துப் போன் செய்கிறவள் வேறெப்படித் தொடங்குவாள்? லயனல் ரிச்சியின் 'ஹலோ'வில் அந்தச் சொல் கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வரை வாயைத் திறப்பதில்லை, சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் காதல் ஆயிற்றே.

வேகம், வாத்தியம் எல்லாம் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.